காயம் ஆறிய பின்னும் கனலும் கோபம்

மருத்துவமனையிலிருந்து பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டான். தலைக்கட்டு அவிழ்ந்தாயிற்று, தையல் ஆறி, மழித்த இடத்தில் முடியும் முளைக்கத் தொடங்கிவிட்டது. நடக்கிறான், உண்கிறான், பேசுகிறான். உற்றார் உறவினர் வந்து பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்துக்கொண்டான்" என்று மகிழ்ந்து செல்கின்றனர். நேர்ந்துகொண்டபடி ஏழைகளுக்கு உணவும் அளித்தாயிற்று. இரண்டு திங்கள் கழிகின்றன. அதன் பிறகுதான் அந்த இல்லத்தில், வெளியே எவரிடமும் சொல்ல முடியாத வேறொரு துன்பம் தலைகாட்டுகிறது. சாந்தமாயிருந்த பிள்ளை, தட்டில் குழம்பு சற்றுக் கூடிவிட்டதற்காகத் தட்டையே வீசியெறிகிறான். தங்கையின் முடியைப் பற்றி இழுக்கிறான். பெற்ற தாயை, இதுவரை அவன் நாவில் வந்திராத சொற்களால் ஏசுகிறான். சற்று நேரம் சென்றதும், ஒன்றுமே நடவாதது போல அவள் மடியிலேயே வந்து படுத்துக்கொள்கிறான்.

அன்பு வாசகர்களே! தலைக்காயம் பட்ட பிள்ளையின் உயிரைக் காப்பது பற்றி மருத்துவர்கள் பேசுகின்றனர், நாளேடுகள் எழுதுகின்றன. உயிர் பிழைத்து வந்த அந்தப் பிள்ளையோடும், அவனுடைய கோபத்தோடும், அவனால் தமக்குள் மூளும் கோபத்தோடும் ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டிய பெற்றோரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று ஒருவர் கூறுகிறார். "இரண்டு போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் இன்னொருவர். "காற்றுக் கருப்பு அண்டியிருக்கும்" என்று மூன்றாமவர் காதில் ஓதிவிட்டுச் செல்கிறார். இம்மூவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகின்றனர். மூவர் கூறுவதும் தவறு.

தருமபுரி மாவட்டத்தில் வாழும் நமக்கு இஃது எங்கோ தொலைவில் நிகழும் செய்தியன்று. சீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கிறது. சேலம் செல்லும் வழியிலுள்ள தொப்பூர் கணவாயின் இறக்கம் எத்தனை குடும்பங்களின் கண்ணீரைக் கண்டது என்பதை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தா வண்டியை ஓட்ட, பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் கைக்குழந்தையோடு தாய் என்று ஒரே இருசக்கர வண்டியில் வலீமா விருந்துக்குப் புறப்படும் காட்சியைக் காணாத ஊர் நம் மாவட்டத்தில் உண்டா? கைப்பிடிச் சுவர் எழுப்பாத மொட்டை மாடிகளும், புளி உலுக்கும் பருவத்தில் மரத்தின் உச்சிக்கு ஏறிவிடும் சிறுவர்களும் வேறு. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தின் நோய்ப்பரவியல் அறிஞர் ஜி. குருராஜ் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையில், இந்நாட்டின் மூளைக்காயங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு சாலை விபத்துகளாலும், 20 முதல் 25 விழுக்காடு உயரத்திலிருந்தோ தரையிலோ விழுவதாலும் நேர்கின்றன என்று குறித்துள்ளார். குழந்தைகளைத் தனியே எடுத்துக்கொண்டால் விழுவதன் பங்கு மேலும் பெரிது.

இருசக்கர வண்டியில் செல்லும் நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கூறுகிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்று 2022இல் வெளியான விதிகள் கூறுகின்றன. பெருநாளுக்கு மூன்று உடுப்பு எடுக்கும் நாம், பிள்ளையின் அளவுக்கு ஒரு தலைக்கவசம் வாங்கத் தயங்குகிறோம். அதனை இங்கே சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை.

அடிபட்ட அன்றைக்குச் செய்ய வேண்டியதையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். பிள்ளை எழுந்து நடந்துவிட்டான் என்பதை நம்பி இருந்துவிடலாகாது. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே குருதி கசியுமானால், முதலில் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை சில மணி நேரத்தில் மயங்கிச் சாய்வதுண்டு. மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்பியும் தெளியாத உறக்கம், வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கண்மணிகள் இரண்டும் வேறு வேறு அளவில் தெரிதல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் அல்லது குருதி வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108 ஊர்தியை அழையுங்கள். 2021 டிசம்பர் 18ஆம் நாள் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது. பணம் புரட்டிய பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இனி, வீடு திரும்பிய பின் நிகழ்வதற்கு வருவோம்.

கோபம் எங்கிருந்து வருகிறது?

நம் நெற்றிக்குப் பின்னால் மூளையின் முன்மடல் அமைந்துள்ளது. பொங்கியெழும் உணர்ச்சிக்குக் கடிவாளமிடுவதும், "இதைச் சொல்லலாமா?" என்று சொல்வதற்கு முன் நிறுத்தி எண்ணிப் பார்ப்பதும், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மனத்தைத் திருப்புவதும் இம்மடலின் பணிகள். தலை வேகமாக மோதும்போது மண்டையோட்டின் உட்புறத்துக் கரடுமுரடான எலும்பில் உராய்ந்து பெரிதும் பழுதுறுவதும் இப்பகுதியே. எனவே கால் நன்றாக நடக்கும். நாக்கு நன்றாகப் பேசும். கடிவாளம் மட்டும் அறுந்திருக்கும். வெளியே தெரியும் காயம் எதுவும் இல்லாமையால், ஊர் அதனை நோயாகக் காண்பதில்லை, குணமாகவே காண்கிறது.

மருத்துவ உலகம் இதனை உணர்வதற்கே வெகுகாலம் சென்றது. தலையில் அடிபட்டவரின் மூளை, வெளியே புண்ணில்லாத நிலையிலும் கலங்கித் தன் பணியை இழக்கக்கூடும் என்று அர்-ராஸி போன்ற இஸ்லாமிய மருத்துவ மேதைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பிரித்தறிந்து எழுதினர். எனினும், மூளைக்காயம் ஒருவரின் குணத்தையே மாற்றும் என்பதை உலகம் கவனிக்கச் செய்தவர் பினியஸ் கேஜ் என்னும் அமெரிக்கத் தொழிலாளி ஆவார். 1848 செப்டம்பர் 13ஆம் நாள், வெர்மான்ட் மாநிலத்தில் இருப்புப்பாதைக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்க்கையில், ஏறத்தாழ ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கடப்பாரை அவருடைய இடக்கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் பிழைத்தார். ஆனால் பொறுப்பும் நிதானமும் மிக்கவராக இருந்த மனிதர், பொறுமையற்றவராகவும் வசைமொழி பேசுபவராகவும் மாறியதை அவருக்கு மருத்துவம் பார்த்த ஜான் ஹார்லோ 1868இல் எழுதி வைத்தார். இக்கதையைச் சொல்லுவோர் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுவர். பிற்பகுதியே நமக்கு முக்கியம்: அதே கேஜ் பின்னர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டிற்குச் சென்று, ஆண்டுக்கணக்கில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். ஒழுங்கான வேலையும், நாள்தோறும் மாறாத நேரமும், செய்ய வேண்டியது இன்னதென்ற தெளிவும் கிடைத்தபோது அவர் பெருமளவு தேறினார் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

பிள்ளைகளின் நிலை பெரியவர்களின் நிலையிலிருந்து வேறுபடும். "சின்ன வயது, எல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்று நாம் ஆறுதல் கூறுகிறோம். 1930களில் மார்கரெட் கென்னார்டு என்னும் அறிஞர் குரங்குகளிடம் நடத்திய ஆய்வுகளும் இளமூளை விரைந்து தேறும் என்ற எண்ணத்தை வளர்த்தன. பிற்கால ஆய்வுகளோ, மூளை முழுவதும் குலுங்கிய காயங்களுக்கு அவ்விதி பொருந்துவதில்லை எனக் காட்டின. முன்மடல் இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கும் உறுப்பு. ஆறு வயதில் பட்ட காயம் ஆறு வயதில் தெரியாமல் இருக்கலாம். பன்னிரண்டு வயதில், மற்ற பிள்ளைகள் பொறுமையையும் திட்டமிடுதலையும் கற்றுக்கொள்ளும் பருவத்தில், இவனிடம் மட்டும் அவை முளைக்காதபோது தெரியவரும். அப்போது அந்தப் பழைய விபத்தை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆகவே மருத்துவமனை தந்த சீட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் தொலைத்துவிடாமல், நிலப்பத்திரம் போலப் பாதுகாத்து வையுங்கள்.

பாடம் ஏறாத பிள்ளை

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நான், இதனைச் சற்று விரித்து எழுத விரும்புகிறேன். தலைக்காயம் பட்ட பிள்ளை மீண்டும் மக்தபுக்கு வருகிறான். விபத்துக்கு முன் மனனம் செய்த சூராக்களைத் தங்குதடையின்றி ஓதுகிறான். உஸ்தாதுக்கும் பெற்றோருக்கும் மகிழ்ச்சி. புதிதாக மூன்று வசனங்கள் கொடுத்தால், மறுநாள் ஒன்றுகூட நிற்பதில்லை. "பழையதெல்லாம் நினைவிருக்கிறதே, புதியது மட்டும் எப்படி மறக்கும்? சோம்பேறித்தனம்தான்" என்ற முடிவுக்கு வந்துவிடுவது எளிது. உண்மையில், பலமுறை ஓதி ஊறிய பழைய பாடம் காயத்தைத் தாண்டி நிலைத்திருப்பதும், புதிய பாடத்தைப் பதிக்கும் ஆற்றல் குன்றியிருப்பதும் மூளைக்காயத்தில் வழக்கமாகக் காண்பதே. அது அவனுடைய சோம்பலன்று.

மேலும், நம் மதரஸாக்களில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் உரக்க ஓதுவர். நமக்கு அஃது இன்னோசை. வேண்டாத ஒலியை ஒதுக்கி வேண்டியதை மட்டும் கேட்கும் வல்லமை குன்றிய மூளைக்கோ, முப்பது குரல்களும் ஒரே அளவில் வந்து மோதும். அரைமணி நேரத்தில் அவன் முகம் சிவக்கும். பக்கத்துப் பிள்ளையைத் தள்ளுவான். அவனை ஒரு மூலையில், சுவர் பக்கமாக, உஸ்தாதுக்கு அருகில் அமர்த்துங்கள். மூன்று வசனத்துக்குப் பதில் அரை வசனம் கொடுங்கள். முதலில் அரைமணி நேரம் மட்டும் வரட்டும். அது பழகிய பின் கூட்டலாம். பள்ளிக்கூட ஆசிரியர்களிடமும் இதனையே எடுத்துக் கூறுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு மாற்றுத்திறன் சான்று உதவும்.

பிரம்பைப் பற்றியும் கூறியாக வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடைசெய்கிறது. 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அச்சட்டம் மதரஸாக்களுக்குப் பொருந்தாது. அதனைப் பிரம்புக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எவரும் கருதலாகாது. அதிலும், ஒருமுறை காயம்பட்ட தலையில் குட்டுவதும் கன்னத்தில் அறைவதும் எவ்வளவு அபாயமானவை என்பதை விளக்க வேண்டியதில்லை. உறங்குபவர், சிறுவர், அறிவு தெளிவற்றவர் ஆகிய மூவரின் செயல்களைப் பதிவதிலிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்னும் நாயகம் (ஸல்) அவர்களின் கருத்தை நாம் பாடமாகவே நடத்துகிறோம். அல்லாஹ் கேள்வி கேட்காத பிள்ளையிடம் நாம் பிரம்போடு கேள்வி கேட்பது என்ன நியாயம்?

இவ்வாறு கூறுவதால், பிள்ளை எதைச் செய்தாலும் விட்டுவிடுங்கள் என்று கூறுவதாகக் கொள்ள வேண்டா. எல்லை வேண்டும். அந்த எல்லையை உணர்த்தும் முறை மாற வேண்டும்.

பொங்கும் நேரமும் பொங்குவதற்கு முந்திய நேரமும்

கோபம் திடீரென வருவது போலத் தோன்றினாலும், பெரும்பாலும் அதற்கு முன்னறிவிப்பு உண்டு. ஒரு பிள்ளை நெற்றியைத் தேய்ப்பான். ஒரு பிள்ளை அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பான். இன்னொருவன் அங்குமிங்கும் நடப்பான். இதனைக் கண்டறிய ஒரு பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். பிள்ளை வெகுண்ட ஒவ்வொரு முறையும், நேரம் என்ன, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரத்தில் தணிந்தான் என்று தாய் நான்கு வரி எழுதி வைக்கட்டும். மூன்று வாரம் சென்று படித்துப் பார்த்தால் காரணங்கள் தாமாக எழுந்து நிற்கும்: மாலை ஐந்து மணிப் பசி, பள்ளி விட்டு வந்த களைப்பு, விருந்தினர் கூட்டம், சொல்லாமல் மாற்றிய திட்டம், ஒரே மூச்சில் இட்ட மூன்று கட்டளைகள். "முகம் கழுவி, உடுப்பு மாற்றி, தொப்பியை எடுத்துக்கொண்டு வா" என்பது நமக்கு ஒரு வாக்கியம். அவனுக்கு மூன்று பாரம். ஒவ்வொன்றாகச் சொன்னால் ஒவ்வொன்றாகச் செய்வான்.

அந்த நோட்டுப் புத்தகத்தை மருத்துவரிடமும் காட்டுங்கள். தலைவலியும் கோபமாக வெளிப்படுவதுண்டு. வலிப்பைத் தடுக்கத் தரப்படும் லெவெடிராசெட்டாம் போன்ற மருந்துகள் சில பிள்ளைகளிடம் எரிச்சலையும் மூர்க்கத்தையும் உண்டாக்கும். அவ்வாறு ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் கூறி மாற்றிக்கொள்ளலாம். நாமாகத் திடீரென நிறுத்திவிட்டால் வலிப்பு வந்துவிடும். ரமளான் மாதத்தில் இதில் தனிக் கவனம் வேண்டும். வீடே ஸஹருக்கு எழுந்து விழித்திருக்கையில் இந்தப் பிள்ளையின் உறக்கமும் கெடுகிறது. உறக்கக் குறைவு வலிப்பையும் வரவழைக்கும், கோபத்தையும் வரவழைக்கும். அவனைத் தனியறையில் உறங்க விடுங்கள். வயது வந்த பிள்ளையானாலும், மருந்து வேளை தவறும் நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்திருக்கிறது.

கோபம் பொங்கிவிட்ட நேரத்தில் அறிவுரை எதுவும் உள்ளே செல்லாது. அவன் குரல் உயர உயர உங்கள் குரல் தாழட்டும். சொற்கள் நான்கைந்துக்கு மேல் வேண்டா. மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி, அவன் கைக்கு எட்டாத தொலைவில் இருங்கள். அரிவாள்மனை, கத்தி, மண்ணெண்ணெய், மாடிக்கதவு, கிணற்றடி ஆகியவற்றை முன்கூட்டியே பாதுகாப்பாக வைத்திருப்பது வீட்டாரின் பொறுப்பு. தணிந்த பின், உடனே விசாரணை நடத்தாமல், அவன் நீர் அருந்தி ஓய்வெடுக்கட்டும். ஒரு மணி நேரம் சென்று, "தட்டை எறிந்ததால் தங்கை பயந்துவிட்டாள், இருவரும் சேர்ந்து பெருக்குவோம்" என்று கூறுங்கள். எறிந்ததன் விளைவை அவன் கைகளே சீர்செய்வது அடியைவிட நன்றாகப் பதியும். வெகுளாமல் சமாளித்த நேரத்தைக் கண்டால், "நல்ல பிள்ளை" என்று பொதுவாகக் கூறாமல், "கோபம் வந்தும் எழுந்து வெளியே போய்விட்டாயே, அது நல்ல காரியம்" என்று குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்.

பெற்றோரின் கோபம்

இதுவரை பிள்ளையின் கோபம் பற்றிப் பேசினோம். இல்லங்களில் அதைவிடப் பெரிய நெருப்பு வேறிடத்தில் எரிகிறது. "மாடியில் தனியே விட்டுவிட்டு நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று கணவன் கேட்கிறான். "வண்டியை மெல்ல ஓட்டச் சொன்னேனே, கேட்டீர்களா?" என்று மனைவி கேட்கிறாள். அவன் பெங்களூரிலோ ஓசூரிலோ வேலை செய்து, ஞாயிறுதோறும் வந்து போகிறவன். வாரம் முழுவதும் நடப்பதை அவன் காண்பதில்லை. வந்த ஒரு நாளில் பிள்ளை அமைதியாயிருந்தால், "என்னிடம் ஒழுங்காகத்தானே இருக்கிறான்" என்று கூறிவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறான். ஆறு நாள் அடிபட்டுக் கிடக்கும் அவளுக்கு அந்த ஒரு சொல் போதும், நெஞ்சு வெடிக்க. அந்த நோட்டுப் புத்தகத்தை முதலில் படிக்க வேண்டியவர் அவரே.

இன்னொரு துயரமும் உண்டு. பிள்ளை உயிரோடிருக்கிறான், ஆயினும் பழைய பிள்ளை இல்லை. இறந்திருந்தால் ஊர் கூடி அழுதிருக்கும், ஆறுதல் கூறியிருக்கும். கண் முன் இருப்பவனை நினைத்து அழுதால், "நன்றி கெட்டவள், அல்லாஹ் காப்பாற்றித் தந்திருக்கிறானே" என்று ஏசும். அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ், இருந்தும் இல்லாத இத்தகைய இழப்பைப் பற்றியே விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். அழுகின்ற அந்தத் தாய் நன்றி கெட்டவளல்லள். அவளை அழ விடுங்கள்.

1990களில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஜெரி டெய்லர், கீத் யேட்ஸ், ஷாரி வேட் முதலிய உளவியல் அறிஞர்கள், தலைக்காயம் பட்ட பிள்ளைகளின் குடும்பங்களையும், கை கால் எலும்பு முறிந்த பிள்ளைகளின் குடும்பங்களையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். எலும்பு முறிவுக் குடும்பங்களின் கவலை விரைவில் தணிந்தது. கடுமையான தலைக்காயம் கண்ட குடும்பங்களின் சுமை நீடித்தது. அதைவிட முக்கியமானது, பிள்ளையின் நடத்தை பெற்றோரின் மனத்தையும், பெற்றோரின் மனநிலை பிள்ளையின் நடத்தையையும் மாறி மாறிப் பாதிக்கின்றன என்று அவர்கள் கண்டது. ஆகவே தாய் ஓய்வெடுப்பது ஆடம்பரமன்று. அது பிள்ளைக்கான மருந்தின் ஒரு பகுதி. நாத்தனாரோ, சின்னம்மாவோ, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோ வாரத்தில் இரண்டு மாலைகள் அந்தப் பிள்ளையோடு அமர்ந்திருந்தால், பாத்திரம் நிறையப் பிரியாணி கொடுத்தனுப்புவதைவிட அஃது உயர்ந்த உதவி. ஜமாஅத் நிர்வாகிகளும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் குழந்தைகளுக்காகக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற ரோல்டு டாலின் வாழ்வில் நிகழ்ந்ததை இங்கே குறிப்பிடலாம். 1960 டிசம்பர் 5ஆம் நாள், நியூயார்க் நகரில் அவருடைய நான்கு மாதக் குழந்தை தியோ கிடந்த தள்ளுவண்டியை ஒரு டாக்சி மோதிற்று. குழந்தையின் மூளைக்குள் நீர் கட்டியது. அதை வடிக்க வைத்த குழாய் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. ஒவ்வோர் அடைப்புக்கும் ஓர் அறுவை. கோபப்பட அந்தத் தந்தைக்குக் காரணம் குறைவில்லை. அவர் செய்ததோ, ஸ்டான்லி வேட் என்னும் பொறியாளரையும், கென்னத் டில் என்னும் மூளை அறுவை மருத்துவரையும் இணைத்து, எளிதில் அடைத்துக்கொள்ளாத புதிய வால்வு ஒன்றை உருவாக்க முனைந்தது. 1962இல் அது பயன்பாட்டுக்கு வந்தபோது தியோவுக்கு அது தேவைப்படவில்லை. வேறு பல குழந்தைகளுக்குப் பயன்பட்டது. நாமெல்லாம் வால்வு செய்ய இயலாது. பழிபோட ஆள் தேடும் நேரத்தில் பாதியையாவது பிள்ளைக்காகச் செலவிட இயலும்.

கோபம் வந்தால் நிற்பவர் அமரட்டும், அப்படியும் தணியாவிடில் படுத்துக்கொள்ளட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியை நாம் அனைவரும் அறிவோம். ஒளூச் செய்யுமாறு வந்துள்ளதையும் அறிவோம். அமர்ந்தவரின் கை ஓங்குவதற்கு முன் ஒரு கணம் கிடைக்கிறது. ஒளூச் செய்யச் சென்றவர் அந்த அறையைவிட்டே நீங்கிவிடுகிறார். அந்த ஒரு கணமும் அந்த நாலடித் தொலைவும் எவ்வளவு பெரியவை என்பதைக் கைக்குழந்தைகள் விஷயத்தில் மருத்துவம் தெளிவாகக் காட்டுகிறது. விடாமல் அழும் குழந்தையைச் சினத்தில் பிடித்துக் குலுக்கினாலே, வெளியே சிறு கீறலும் இன்றி, உள்ளே மூளையைச் சுற்றிக் குருதி கசியும் என்று 1971இல் ஆங்கிலேய மருத்துவர் நார்மன் கத்கெல்ச் எழுதினார். பார்வையும் போகலாம், உயிரும் போகலாம். பெரியவரின் கோபமே பிள்ளையின் மூளைக்காயத்துக்குக் காரணமாகும் இடம் அது. அழுகை பொறுக்க முடியாமற் போனால், குழந்தையைப் பாதுகாப்பாகப் பாயில் கிடத்திவிட்டு, சற்று நேரம் வாசலுக்குச் சென்று நில்லுங்கள். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது.

ஓதிப் பார்ப்பதும் கட்டி வைப்பதும்

பிள்ளையின் குணம் மாறியதைக் கண்டு, ஜின்னின் சேட்டை என்று அஞ்சி, ஊர் ஊராக அழைத்துச் செல்வோர் உள்ளனர். அல்லாஹ்விடம் துஆக் கேட்பதையோ, ஓதிப் பார்ப்பதையோ எவரும் தடுக்கவில்லை. அதற்காக மருந்தை நிறுத்துவதும், பிள்ளையை அடிக்க அனுமதிப்பதும், கட்டி வைப்பதும் வேறு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி, 28 பேர் மாண்டனர். அவர்களுள் பலர், வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியவில்லை என்று சொந்தக் குடும்பத்தாராலேயே கொண்டுபோய் விடப்பட்டவர்கள். உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அவ்வழக்கை விசாரித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்துள்ளது. சமாளிக்க முடியவில்லை என்ற நிலைக்குக் குடும்பம் வந்து சேருவதற்கு முன்னரே உதவி கேட்க வேண்டும்.

உதவி எங்கே கிடைக்கும்? தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2008 முதல் இயங்கி வருகிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பெங்களூரில் நிமான்ஸும், வேலூரில் சி.எம்.சி.யும் நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. அங்கே செல்லும்போது அறுவை மருத்துவரை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாமல், மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவையும் உளவியலாளரையும் கேட்டுப் பாருங்கள். நடத்தை பற்றி நீங்களாகக் கூறாவிட்டால் பெரும்பாலும் எவரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், ஒரு காலத்தில் நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. கிராமத்துச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டால் விவரம் கூறுவார். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள், நாளை மகளுக்கு வரன் அமையாது என்று தயங்கி ஆண்டுகளைக் கழிப்பவர்கள் நம்மில் உண்டு. அந்தத் தயக்கத்தால் இழப்பது பிள்ளையின் படிப்பும் உதவித்தொகையும். நள்ளிரவில், தாங்க முடியாத நேரத்தில், மனம்விட்டுப் பேச 14416 என்ற டெலிமானஸ் எண் உள்ளது. 2022 அக்டோபர் முதல் இயங்கும் அந்த எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

அந்த வீட்டின் மற்றப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். அண்ணன் அடித்தால், "அவனுக்கு உடம்பு சரியில்லை, நீ பொறுத்துக்கொள்" என்று தங்கையிடமே எப்போதும் கூறுகிறோம். ஏழு வயதுக் குழந்தை எவ்வளவுதான் பொறுக்கும்? அண்ணனின் மூளையில் காயம் உள்ளது, அவள்மேல் வெறுப்பில்லை என்பதை அவளுக்கு விளங்கும் சொற்களில் கூறுங்கள். அவன் வெகுளும்போது அவள் ஓடிச்சென்று இருக்க ஓர் இடத்தை, பாட்டியின் அறையையோ பக்கத்து வீட்டையோ, காட்டி வையுங்கள். அவளுடைய புத்தகங்களை அவன் கிழிக்க முடியாத உயரத்தில் ஒரு அலமாரி அடித்துக் கொடுங்கள். வாரத்தில் ஒரு மாலை, அத்தாவோ அம்மாவோ அவளை மட்டும் வெளியே அழைத்துச் சென்று வாருங்கள். அன்றைக்கு அண்ணனைப் பற்றிய பேச்சே வேண்டாம்.